வற்றலும் வறுவலும்: மாவுச்சத்துக் குறைந்த காய்கள் மொறுமொறுப்பது எவ்வாறு?

ஆறு வற்றும், குளம் வற்றும், அழுது ஓய்ந்தவர் கண்ணீரும் வற்றும். நீர் நீங்குதலே வற்றுதல். அவ்வினையின் அடியாகப் பிறந்த 'வற்றல்' என்னும் சொல், வெயிலில் நீர் நீங்கிய காய்க்குப் பெயராயிற்று. வறள், வறட்சி, வறுமை என்னும் சொற்களும், 'வறு' என்னும் வினையும் அதனோடு ஓசையாலும் பொருளாலும் நெருங்கி நிற்பன. வறுத்தல் என்றவுடன் பலருக்கு எண்ணெய்ச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மணலிற் கடலை வறுப்பவர்க்கும், வெறுஞ்சட்டியில் மல்லியும் மிளகாயும் வறுப்பவர்க்கும் எண்ணெய் வேண்டுவதில்லை. நீரை வெளியேற்றுவதே வறுத்தலின் உயிர். எண்ணெய் அதற்கு வாய்த்த துணைகளுள் ஒன்று. 'பொரித்தல்' வேறு. நெல் பொரிவதுபோல உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் புடைத்து மலர்வது அது. அவ்வாறு மலர மாவுப்பொருள் வேண்டும். அப்பளமும் அரிசி வடகமும் எண்ணெயிற் பொரிகின்றன. பாகற்காய் வில்லை வறுபடுகிறது. அடுப்பங்கரையில் இரண்டும் கலந்து வழங்கினும், இவ்வேற்றுமையே இக்கட்டுரைப் பொருளுக்கு அடிப்படையாகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்பொருள் வெறும் நாக்கின் சுவை பற்றியதன்று. மலேசியாவில் 2019 ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இந்தியரைத் தனியே எடுத்தால் அவ்வெண் 30 விழுக்காட்டையும் கடந்தது. 2023 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மொத்த எண் 15.6 எனச் சற்றே இறங்கியது. சிங்கப்பூர் அரசு 2016 இலேயே நீரிழிவின்மீது போர் அறிவித்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒருவர் சோற்றைக் குறைத்துவிடுவார், சீனியையும் விட்டுவிடுவார். மாலைத் தேநீரோடு வரும் முறுக்கையும், மரவள்ளிக் கெரெப்பெக்கையும், வாழைக்காய் வறுவலையும் விடுவதுதான் கடினம். கொறிக்கும் பழக்கம் வயிற்றைச் சார்ந்ததன்று. பல்லையும் செவியையும் சார்ந்தது. அந்த மொறுமொறு ஓசைக்காகவே கை டின்னுக்குள் போகிறது. மொறுமொறு என்பதை இலக்கணத்தார் இரட்டைக்கிளவி என்பர். ஒருமுறை மட்டும் சொன்னால் அது நிறைவதில்லை. ஒரு துண்டோடு நிறுத்தக் கொறிப்பவராலும் முடிவதில்லை.

இந்நிலையில் 'காய்கறி வறுவல்' என்னும் பெயர் பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. கிழங்கை விலக்கிக் காயை வறுத்தால் போதும் எனக் கருதுகின்றனர். ஓரளவு உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. அதனை அறிய மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலிற் காணல் வேண்டும்.

உருளைக்கிழங்கின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 79 பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி மாவுச்சத்து. சூடேறும்போது கிழங்கில் உள்ள நீரையே குடித்து மாவு மணிகள் வீங்கிக் கூழாகின்றன. பின்னர் நீர் முழுதும் ஆவியாகிப் போக, அக்கூழ் இறுகிக் கண்ணாடி போலாகிறது. இது வெறும் உவமையன்று. உணவியலாரும் அந்நிலையைக் கண்ணாடி நிலை என்றே வழங்குகின்றனர். பல் பட்டவுடன் 'கடக்'கென்று ஒடிவது அக்கண்ணாடிதான். இவ்வறுவல் பிறந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் சரடோகா என்னும் ஊரில் 1853 இல் ஜார்ஜ் கிரம் என்னும் சமையலாளர், குறைகூறிய விருந்தினர் ஒருவர்மீது சினங்கொண்டு கிழங்கைத் தாள்போற் சீவி வறுத்துத் தந்தார் என்பர். இனிய கதைதான். ஆயினும் 1817 இல் வெளிவந்த வில்லியம் கிச்சினரின் ஆங்கிலச் சமையல் நூலிலேயே கிழங்கைச் சீவி வறுக்கும் முறை காணப்படுகிறது.

பாகற்காயிலோ நூற்றுக்கு 94 பங்கு நீர், முள்ளங்கியில் 95, கத்தரிக்காயில் 92, வெண்டைக்காயில் 90. இவற்றின் சதையில் கூழாகி இறுகத்தக்க மாவு மிகச் சிறிதே. நீர் போனபின் எஞ்சுவன செல்களின் சுவர்களும் சிறிது சர்க்கரையும் தாது உப்புகளுமே. தூண் இல்லாத பந்தல் போல அவை சரிந்து சுருங்குகின்றன. ஆதலின் பாகற்காய் வறுவல் கிழங்கு வறுவலைப்போல ஒடிவதில்லை. சருகு நொறுங்குவதுபோல நொறுங்கும். கிழங்கின் ஓசையை எதிர்பார்த்து இதனைச் செய்பவர் ஏமாற்றமடைவர். சருகின் நொறுங்கலை எதிர்பார்ப்பவர்க்கு இஃது இனிய பண்டம்.

இனிக் கணக்குக்கு வருதல் வேண்டும். காய்கறிகளின் மாவுச்சத்தை அட்டவணைகள் பச்சைக் காயின் எடைக்கே கூறுகின்றன. 100 கிராம் மரவள்ளியில் 38 கிராம், உருளைக்கிழங்கில் 17, பீட்ரூட்டிலும் காரட்டிலும் 10க்குச் சற்றுக் குறைவு, வெண்டையில் ஏழரை, கத்தரியில் 6, பாகலில் 4க்குச் சற்றுக் குறைவு. இதைக் கண்டு பீட்ரூட் வறுவலைக் கைநிறைய அள்ளுவோர் உளர். வறுவலில் நீர் இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நீரை நீக்கி, எண்ணெயையும் உப்பையும் தள்ளி, எஞ்சிய உலர்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் செரிக்கத்தக்க மாவும் சர்க்கரையும் எத்தனை பங்கு எனக் கணக்கிட்டால் தோற்றம் மாறிவிடுகிறது. மரவள்ளியின் உலர்பொருளில் நூற்றுக்கு 90 பங்கு, உருளைக்கிழங்கில் 73, காரட்டிலும் பீட்ரூட்டிலும் 55 முதல் 57 வரை, வெண்டையிலும் கத்தரியிலும் 40ஐ ஒட்டி, பாகலிலும் கங்கோங் கீரையிலும் 15ஐ ஒட்டி. பீட்ரூட் வறுவல் நிறத்தால் காய். கணக்கால் கிழங்குக்கு நெருங்கிய உறவு. அதன் இனிப்பே அதற்குச் சான்று.

வெண்டை இடைப்பட்டது. 300 கிராம் வெண்டைக்காய் வற்றினால் 30 கிராம் வறுவல். அஃது ஒரு கைப்பிடி. பொரியலாகச் சமைத்தால் 300 கிராம் வெண்டையை ஒருவர் ஒரே வேளையில் உண்பது அரிது. வறுவலாக்கினால் கதை முடிவதற்குள் காலியாகிவிடும். எனவே வறுவலை எடையிட்டு உண்பதைவிட, 'இஃது எத்தனை காய்?' எனக் கேட்டு உண்பதே சரியான அளவை. அரைக் கிலோ பாகற்காயை அடுப்பில் உலர்த்தினால் எண்ணெயும் உப்பும் சேர்ந்து 40 கிராம் அளவே கிடைக்கும். அதில் செரிக்கத்தக்க மாவுச்சத்து 5 கிராமுக்கு மேற்போகாது. அதே 40 கிராம் மரவள்ளிக் கெரெப்பெக்கில் அது 25 கிராமை எட்டும். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடையாத மலாயாவில் மரவள்ளி உயிர்காத்த உணவாக இருந்தது. சோற்றுக்கு மாற்றாய் நின்ற கிழங்கைச் சோற்றைக் குறைத்தவர் தேநீரோடு கொறிப்பது முரணே.

இனிச் செய்முறை. மின்னடுப்பில் எண்ணெய் சிறிதே இட்டு உலர்த்தும் முறை வீட்டுக்கு எளிது. பாகற்காயை நீளவாட்டில் பிளந்து விதையும் பஞ்சும் நீக்கி, 2 மில்லிமீட்டர் கனத்திற்குப் பிறைபோலச் சீவுதல் வேண்டும். கனம் ஒரே சீராக இராவிடின் ஒன்று கருகும், மற்றொன்று தோல்போல் இழுபடும். கத்தியில் கைதேறாதவர் சீவுகட்டையைப் பயன்படுத்தலாம். அரைக் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி உப்பு இட்டுப் பிசிறி இருபது நிமிடம் வைத்தால் நீர் ஊறி வெளிவரும். செல்லின் சுவருக்கு வெளியே உப்பு மிகுந்து நிற்க, உள்ளிருக்கும் நீர் அதனை நோக்கி வருவதே இதன் காரணம். அந்நீரோடு கசப்பும் ஓரளவு போகும். காயை ஒருமுறை அலசி, கையாற் பிழிந்து, பருத்தித் துணியில் ஒற்றியெடுத்தல் வேண்டும். இவ்விடத்திற் சோம்பினால் பின்னர் அடுப்பு எத்தனை மணி எரிந்தும் பயனில்லை. ஈரமான காய் முதலில் வேகும். வெந்த காய் துவளும்.

பின்னர் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், மஞ்சள்தூள், சிறிது மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசிறி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமற் பரப்பி, 110 பாகை செல்சியசில் ஒரு மணிமுதல் ஒன்றரை மணிவரை வைத்தல் வேண்டும். பாதிப் பொழுதில் ஒருமுறை புரட்டுதல் நன்று. அடுப்பின் கதவை இடையிடையே திறந்து ஆவியை வெளியேற்றுவது, வெளியே வற்றலுக்குக் காற்று செய்யும் பணியைச் செய்வதாகும். எடுத்தவுடன் மெத்தென்றிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆறிய பின்னரே கண்ணாடி நிலை வரும். ஆறியும் மெத்தென்றிருந்தாலே மீண்டும் அடுப்பில் இடுதல் வேண்டும். சமையல் செய்வோர் பொறுமையிழந்து சூட்டை 180க்கு ஏற்றுவதுண்டு. அப்போது விளிம்பு கருகி நடு துவண்டிருக்கும். இரண்டு பிழையும் ஒரே துண்டில் அமையும்.

2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பின்னர் ஏர்பிரையர் என்னும் கருவி வீடுதோறும் பரவிற்று. அதனுள் நடப்பதும் இதுவே. விசிறி சுடுகாற்றை விரைந்து சுழற்றுவதால் நேரம் குறைகிறது. 120 பாகையில் அரைமணிக்குள் பாகல் பதமாகும். வற்றிய துண்டு இலகுவாகிப் பறந்து மேலுள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகுவதுண்டு. ஆதலின் மேலே ஒரு கம்பித்தட்டை வைத்து அடக்குதல் நலம். கங்கோங், முருங்கை, கறிவேப்பிலை ஆகிய இலைகளுக்கு இக்காவல் இன்றியமையாதது. இலைகளுக்குப் பத்து நிமிடமே மிகுதி. வெண்டைக்காயை நறுக்குமுன் துடைத்து ஈரம் போக்கிவிட்டு நீளவாட்டில் நான்காகப் பிளத்தல் வேண்டும். நறுக்கியபின் கழுவினால் வழவழப்பு முழுதும் வெளிவந்து துண்டுகளைக் கட்டிப்போடும். கத்தரிக்காய் எண்ணெயைப் பஞ்சுபோற் குடிப்பது. அதற்கு எண்ணெயைத் தூரிகையாற் பூசுதலே தகும்.

எண்ணெயிலேயே வறுக்க விரும்புவோர்க்கும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் 160 முதல் 175 பாகைவரை சூடேறியபின் காயை இட்டால் குமிழிகள் பொங்கும். அக்குமிழி எண்ணெயின் கொதிப்பன்று. காயினின்று வெளிவரும் நீராவி. அது வெளிவரும் வரை எண்ணெய் எளிதில் உட்புக இயலாது. 'சத்தம் அடங்கினதும் எடு' என வீட்டு மூதாட்டியர் கூறுவது இதனையறிந்தே. எண்ணெயின் பெரும்பகுதி காய்க்குள் புகுவது வறுபடும்போதன்று, எடுத்து ஆறும்போதே. உள்ளே எஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்க, அவ்விடத்தை நிரப்ப மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. எனவே அரிகரண்டியிற் சூடாக இருக்கும்போதே நன்கு உதறித் தாளில் ஒற்றுவதால் எண்ணெய் வெகுவாகக் குறையும். ஆறிய பின் ஒற்றுவதில் அத்துணைப் பயன் இல்லை. மாவுச்சத்துக் குறைவு என்பதனாலே எண்ணெயும் குறைவு என்று கொள்ளற்க. கிழங்கு வறுவலின் எடையிலேயே மூன்றிலொரு பங்கு எண்ணெய். நீர் மிகுந்த காயில், நீர் விட்டுச் சென்ற இடமும் மிகுதி.

மொறுமொறுப்பு நீடிக்க வேண்டுமெனக் காயை அரிசிமாவிலும் சோளமாவிலும் கடலைமாவிலும் புரட்டுவது பெருவழக்கு. அரைக் கிலோ வெண்டைக்கு நான்கு மேசைக்கரண்டி அரிசிமாவு என்றால் 30 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து வந்து சேர்கிறது. வெண்டையிடத்துள்ள செரிக்கத்தக்க மாவுச்சத்தைவிட அது மிகுதி. சுவையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை மாவுச்சத்துக் குறைந்த வறுவல் என நீரிழிவுடையார் தட்டில் வைப்பது, தெரிந்து செய்தாலும் தெரியாது செய்தாலும், அவரை ஏமாற்றுவதே. கடைகளில் முழு வெண்டைக்காய் பச்சை நிறம் மாறாமல் வறுத்துப் பொட்டலங்களில் விற்கப்படுகிறது. காற்று நீக்கிய கலத்தில் குறைந்த சூட்டில் வறுக்கும் முறை அது. காய் சரியாமல் இருக்க வறுக்குமுன் அதனை மால்டோசு அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் கரைசலில் ஊறவைப்பதுண்டு. தூண் இல்லாத பந்தலுக்குச் சர்க்கரையால் தூண் நடுகின்றனர் எனலாம். பொட்டலத்தின் முன்புறப் படத்தை விட்டுப் பின்புறச் சிறிய எழுத்துகளைப் படித்தல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. 2002 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வறுத்த கிழங்கில் அக்ரிலமைடு என்னும் பொருள் உண்டாவதை வெளிப்படுத்தினர். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 பாகைக்கு மேற்பட்ட சூட்டிற் கூடும்போது அது தோன்றுகிறது. விலங்குகளிடம் புற்றுநோய் விளைவித்தமையால் மனிதர்க்கும் ஆகாது எனக் கருதப்படுகிறது. இது கிழங்குக்கே உரிய குற்றம் என எண்ணிக் காய்களுக்கு மாறியோர் பலர். ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு நிலையம் 2013 இல் வெளியிட்ட ஆய்வோ, எண்ணெயின்றி வதக்கிய காய்கறிகளிலும் அது தோன்றுவதைக் காட்டிற்று. சுக்கினி, பூண்டு, வெங்காயம் ஆகியன முன்வரிசையில் நின்றன. பொன்னிறத்தோடு நிறுத்துவதும், குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துவதும் இதற்கும் மருந்தாகின்றன. 110 பாகை என மேலே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் புதுமைபோலத் தோன்றினும், தமிழ்நாட்டு வீடுகளில் வழிவழியாக நிகழ்ந்ததே. பாகல், வெண்டை, கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, மிளகாய்: வற்றலுக்கு எடுத்த காய்களின் பட்டியலை நோக்குக. ஒன்றேனும் கிழங்கன்று. மோரும் உப்பும் ஊறிய காய் மூன்று நான்கு நாள் வெயிலில் வற்றும். நீர் முன்னரே நீங்கிவிட்டமையால் வறுக்கச் சில நொடிகளே வேண்டும். அரிசியும் சவ்வரிசியும் வடகமாயின; காய்கள் வற்றலாயின.  மலாயாவுக்கு வந்த குடும்பங்களும் அவ்வழக்கத்தைக் கொணர்ந்தன. ஆனால் இங்குள்ள வானம் ஒத்துழைப்பதில்லை. காலையிற் காய்ந்த தட்டு மாலை மழையில் நனையும். இரண்டாம் நாள் பூஞ்சணம் பூக்கும். மின்னடுப்பில் 65 பாகையில் ஏழெட்டு மணிநேரம் வைத்தால் அந்த வெயிலைப் பெறலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: காய் சுருங்குமேயன்றி உப்புச் சுருங்காது. ஊறும்போது நாவுக்கு அளவாகத் தோன்றும் உப்பு, வற்றியபின் கடுக்கும். நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உடையவர்க்கு வற்றல் சிறிதே ஏற்றது.

பாகல் கசப்பதாலே அது சர்க்கரையைக் கரைக்கும் என்னும் நம்பிக்கையும் ஊன்றியிருக்கிறது. காக்ரேன் அமைப்பு 2012 இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நீரிழிவுக்குப் பாகல் பயன்படும் எனச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறிற்று. பாகல் வறுவல் தேநீரோடு உண்ணும் பண்டம். மாத்திரைக்கு ஈடாக அதனைக் கொள்ளலாகாது.

சேமிப்பது கடைசி இடர்ப்பாடு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். கண்ணாடி நிலையிலுள்ள வறுவல் அவ்வீரத்தை உறிஞ்சி நெகிழ்ந்துவிடும். மாவின் காப்பில்லாத காய் வறுவல் இன்னும் விரைவில் நெகிழும். தட்டில் திறந்து வைத்தால் ஒரு மணிக்குள்ளேயே ஓசை போய்விடும். முற்றும் ஆறியபின் இறுக மூடும் டின்னில் இடுதல் வேண்டும். பழைய மைலோ டின் இதற்கு நன்கு உதவும். உப்புச் சாடியில் அரிசி இடுவதுபோல, வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணியில் முடிந்து அடியில் வைப்பதும் ஈரம் வாங்கும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்வதே தகுதி. நெகிழ்ந்துபோனதை எறிய வேண்டுவதில்லை. 100 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டும் நொறுங்கும்.